மரக்கால் யார் கையில்?



ஜூன் மாதம் பிறந்தால் போதும், சர்வகலாசாலை விளம்பரங்கள் பத்திரிகைகளை அடைத்துக்கொள்கின்றன. சுற்றுச்சூழல் படியுங்கள், நீடித்த வளர்ச்சியில் ஆராய்ச்சி செய்யுங்கள், பசுமை உத்தியோகம் காத்திருக்கிறது என்று பறைசாற்றுகிறார்கள். பூமியைக் காப்பதே தொழில், அதற்குச் சம்பளமும் உண்டு என்றால் வேண்டாம் என்பவர் யார்? ஆனால் சேருமுன் ஒன்று கேட்க வேண்டும். அளக்கிறவனுக்குக் கூலி கொடுப்பது யார்?

வயலில் நிற்கும் தோழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெல் ஒன்றுதான், மிராசுதாரின் மரக்கால் ஒரு கணக்குச் சொல்லும், ஊரார் மரக்கால் வேறு கணக்குச் சொல்லும். தஞ்சைச் சீமையில் 1940களில் முத்திரை மரக்கால் கேட்டுப் போராடியது சும்மாவா? ஆலைத் தோழருக்கும் தெரியும். கையில் கடிகாரத்துடன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றவர் நேரத்தைத்தான் அளந்தார். அளந்து முடித்ததும் ஆளுக்கு இரண்டு தறி நான்கு தறியாயிற்று.

பழவேற்காட்டில் இன்று அதே கதை நடக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குக் கோடியும் அதன் முகத்துவாரமும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கிறது. முகம் மணலால் தூர்ந்தால் இறால் வரத்து குன்றும், குப்பங்களில் அடுப்பு எரியாது.

மணலை எது அசைக்கிறது? நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. குறுக்கே கல் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிக்கும். இது புதிய கண்டுபிடிப்பல்ல. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரீனா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் வீடுகளைத் தின்றதும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சங்கதி. அப்படியிருந்தும் 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி வந்தது. 2018இல் அதை வாங்கிய அதானி கம்பெனி, 6,110 ஏக்கருக்குப் பெருக்கத் திட்டம் போட்டது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது!

இந்தத் திட்டத்தால் ஏரிக்கு என்ன நேரும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது யார்? படித்த விஞ்ஞானிகள்தான். அவர்களை அமர்த்திக் கூலி கொடுப்பது யார்? திட்டம் போட்ட கம்பெனியே! ஒளிவு மறைவாக அல்ல, 2006ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிக்கையின் ஏற்பாடே அதுதான். களவு கொடுத்தவன் வீட்டுச் சேதத்தைத் திருடன் அமர்த்திய குமாஸ்தா மதிப்பிடுவது போல! முழு அறிக்கையைத் தமிழில் தரவேண்டும் என்றும் அதில் இல்லை, சுருக்கம் போதுமாம். 2020இல் அந்த அறிவிக்கையை மாற்ற வந்த வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே போட்டார்கள். மற்ற மொழிகளிலும் போடு என்று டில்லி ஹைகோர்ட் உத்தரவிட்டபோது, அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது சர்க்கார். காட்டுப்பள்ளிக்கு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் 2021 ஜனவரி 22 என்றார்கள், ஒத்திப்போட்டார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் ஒத்திப்போட்டார்கள். குப்பங்கள் கொதித்து நின்றதை நாடே பார்த்தது.

இதைக் கேட்டு, ஏரிக்கு வரும் ஆராய்ச்சி மாணவனை விரட்டு என்று நம்மவரிலேயே சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளையும் கூலிக்காரனே. தேசியத் தேர்வில் தேறி உதவித்தொகை பெற்றவனுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பெறாதவனுக்கு, அதுவும் மத்திய சர்வகலாசாலையில் படித்தால்தான், 8,000 என்று பல்லாண்டு வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கியதும் வாத்தியார் வேலை காலியில்லை. கம்பெனி அறிக்கை எழுதும் ஆபீஸ்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவன் எங்கே போவான்?

வேறு மாதிரி ஆராய்ச்சியும் இங்கே நடந்திருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல்லாண்டுகள் இந்த ஏரியைச் சுற்றி, இதன் ஜீவராசிகளைப் பற்றி எழுதிய நூலை 2006இல் தேசிய பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. பெருமைதான். அதுவும் ஆங்கிலத்தில்!

ஏரிக்காரரின் சொந்த அறிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வலை எந்த நாள் எந்த இடத்தில் இறங்குவது என்று முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' இங்கே தலைமுறைகளாக உண்டு. வெளிநாட்டாரும் வந்து கட்டுரை எழுதிய ஏற்பாடு அது. நாம் அதைக் கும்பிட வேண்டியதில்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்தப் பாட்டில் பங்கு கிடையாதே! அந்த நியாயத்தையும் ஆராயட்டும். ஆனால் மக்கள் பணத்தில் ஆராயட்டும். கேள்வி குப்பத்துக் கூட்டத்தில் பிறக்கட்டும். எழுதியதைத் தமிழில் கொண்டுவந்து, அதே கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகு பட்டம் கொடுக்கட்டும்.

சென்ற மாதம் படகுத்துறையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக ஆராய்ச்சிக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரியில் கழி போட்டவர். "தண்ணியைப் பாட்டில்ல புடிப்பாங்க, சேத்தைப் பையில அள்ளுவாங்க. நல்ல புள்ளைங்கதான், நம்ம சோத்தைச் சாப்பிட்ட புள்ளைங்க. கடைசியில என்னா எழுதுனாங்க தோழர்?" என்றார். அவர் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு தாள் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.