சலவைக்குறியும் ஓவன் சத்தமும்



தீபாவளிக்கு இரண்டே வாரம். அம்மா நெய் பிஸ்கட்டின் முதல் தட்டை உள்ளே வைத்தார். பத்தாவது நிமிடம் ஓவன் ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. திரையில் எஃப்3 என்ற பிழைக்குறி. சூடும் தானாக நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் சமர்த்தாக இருக்கும். சூடேறியதும் மறுபடி அதே பல்லவி. மூன்று நாள் இப்படி. “அந்தச் சத்தத்தையாவது நிறுத்தித் தொலைக்க முடியாதா?” என்றார் அம்மா. எனக்கும் அதே ஆசைதான்.

அந்த எஃப்3 எனக்குச் சலவைக்குறியை நினைவூட்டியது. தினமும் சிங்கப்பூர் டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கித்தான் அலுவலகம் வருகிறேன். மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் இந்த இடத்தில், 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி வெளுத்துத் திடலில் காயப்போட்டார்கள். அந்தப் பேர்தான் இன்றும் நிற்கிறது. வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்க, இந்தியாவில் சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவார்கள்; எத்தனை வெளுப்புக்கும் அழியாது. அது யார் வீட்டுத் துணி என்று சொல்லும், கறை எங்கே என்று சொல்லாது. எஃப்3-உம் அப்படித்தான்.

எங்கள் ஓவனின் கையேட்டில் அது வெப்ப உணரிக்கான எண். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புது உணரி வாங்கக் கிளம்பிய என்னை, பழுது பார்க்க வந்தவர் தடுத்தார். மெயினை அணைத்து, பின்தகட்டைக் கழற்றி, மீட்டரை வைத்தார். அதிலிருந்த பிளாட்டினம் உணரி 0 டிகிரியில் 1,000 ஓம் தடை காட்டும். நம்மூர் 30 டிகிரியில் கிட்டத்தட்ட 1,117. மீட்டரும் அதையொட்டியே காட்டியது. பிறகு ஒயரை விரலால் லேசாக ஆட்டினார். எண் காணாமல் போனது! இணைப்பில் ஒரு முனை கருகித் தளர்ந்திருந்தது. சூட்டில் அது விலகும்போதெல்லாம் தடை எல்லை மீறித் தெரியும். உள்ளே ஏதோ விபரீதச் சூடு என்று எண்ணி ஓவன் தன்னை அணைத்துக்கொண்டு கத்தும். முனையை மாற்றினார், தீர்ந்தது. உணரியை மாற்றியிருந்தால் காசு போயிருக்கும், சத்தம் போயிருக்காது.

230 வோல்ட் ஓடும் இடம் அது. திறப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். எப்போது கத்துகிறது என்று கவனித்துச் சொல்வது நம் வேலை. “சூடேறினாத்தான் கத்துதுப்பா” என்று அம்மா சொன்னதுதான் அவர் விரலை ஒயரிடம் கொண்டுபோனது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் குறுக்கெழுத்துப் போட்டி சரியில்லை என்று ஒரு வாசகர் மூன்று மாதமாக விடாமல் எழுதிவந்தார். ‘விடை தெரியாமல் புலம்புகிறார்’ என்று ஒதுக்கிவைத்திருந்தோம். ஓவன் சரியான மறுநாள் அந்தக் கடிதங்களை எடுத்துவைத்துச் சரிபார்த்தேன். மேலிருந்து கீழ் வரும் எண்கள், ஏழாவதிலிருந்து ஒரு கட்டம் தள்ளியே அச்சாகியிருக்கின்றன.

ஐயா, மன்னியுங்கள். இந்த இதழில் திருத்திவிட்டோம். போட்டுப் பார்த்து எழுதுங்கள். இம்முறை முதல் கடிதத்துக்கே காதுகொடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்