சாயம் பூசினால் ஈரம் போகுமா?

தீபாவளி நெருங்கிவிட்டால் லயத்து வீடுகளில் சாயம் அடிக்கும் வேலை மும்முரமாகிவிடும். மேற்குக்கரைத் தோட்டங்களில் அடைமழை கொட்டுவதும் அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். நனைந்த சுவரில் சாயம் பூசினால் என்ன ஆகும்? தைப்பூசம் வருமுன்பே அடுப்படிச் சுவரில் கரும்புள்ளி எட்டிப் பார்க்கும். "போன மாசம் அடிச்ச சாயம்தானே, அதுக்குள்ளயா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். சாயத்தின்மேல் குற்றமில்லை. அது பூசணம். ஈரம் உள்ளவரை அது திரும்பத் திரும்ப வரும்.

ஆகவே தாய்மார்களே, துணியை எடுக்குமுன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். சுவரின் மேல்பக்கம் கறை இறங்கியிருந்தால் தகரக் கூரையில் ஆணித் துளை ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, சிமெண்டு பொரிந்து போயிருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. கொல்லைப்புறக் கால்வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. நம்மைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அது சோறு வடிக்கும் ஆவிதான். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டாலே பெரிதும் குறையும்.

பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். தூள் பறந்து பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமலும் இழுப்பும் கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2009-இல் எழுதி வைத்திருக்கிறது. நம் பாட்டிமாருக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஆபீசில் பேசும்போது உதவும்.

துருக்கறை வேறு கதை. குளோராக்ஸ் போட்டால் அது போகாது, இன்னும் அழுத்தமாகப் பதியும். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கலந்து தடவி, சற்று நேரத்தில் கழுவினால் மங்கும். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்து தேய்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கையும் கண்ணும் வெந்துபோகும். அதைவிட மோசம், குளோராக்ஸ் பட்ட இடத்தில் ஆசிட்டோ, காடியோ, எலுமிச்சையோ சேர்வது. நச்சுக்காற்று கிளம்பும். கதவடைத்த அடுப்படியில் அது உயிருக்கே ஆபத்து.

சிமெண்டுத் தூண் வெடித்து, வெடிப்பின் வழியே துரு வழிகிறதென்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. இதையும் கூரை ஒழுகலையும் நாம் துடைத்துத் தீர்க்க முடியாது. தோட்டத்து வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அதைத்தான் சொல்கிறது. அது அவர்கள் காட்டும் கருணை அல்ல. மண்டோரிடம் வாயால் சொன்னால், "சொல்றேன், சொல்றேன்" என்பதோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள். தேதி, வீட்டு எண், எந்தச் சுவர் எல்லாம் இருக்கட்டும்; கைத்தொலைபேசியில் படமும் எடுத்து, கடிதத்துக்கு நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு ஒரே கூரை, ஆகவே பக்கத்து வீட்டார் கையெழுத்தும் சேரட்டும். அப்படியும் அசையாவிட்டால் தொழிற்சங்கக் கிளைத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

சாயம் வாங்கும் காசைப் பத்திரமாக வையுங்கள். கூரை அடைபட்டுச் சுவர் காய்ந்த பிறகு அடிக்கலாம். இந்தத் தீபாவளிக்குக் கழுவிய சுவரே போதும்.