நமக்கு வராது என்று யார் சொன்னது?

"அப்பாவுக்கு அதெல்லாம் வராது" என்று பிள்ளைகள் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. "இந்த வயசுல நமக்கெதுக்கு?" என்று நாமே சொல்லும்போது மட்டும் அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். என் கருத்தில் அதில் பாதிக்கு மேல் வெட்கம்தான். செல்போன் கடிக்காது என்று நமக்குத் தெரியும். தடுமாறும்போது பேரன் பார்த்துவிடுவானே என்பதுதான் பயம்.

இந்த வெட்கம் எனக்குப் பழைய சிநேகிதம். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது நான் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். பின்னாளில் வேலைக்குச் சேர்ந்தால் அலுவலகம் முழுக்க ஆங்கிலம். விக்டர் ஹ்யூகோவை மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஒரு லீவ் லெட்டர் எழுத வேர்த்துக் கொட்டும். என்னைப் போலப் படித்தவர்களில் சிலர், தப்பு வந்துவிடுமே என்று ஆங்கிலத்தில் வாயே திறக்கமாட்டார்கள். நான் பழைய ஃபைல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த நோட்டுகளை வரிவரியாகப் பார்த்து எழுதினேன். முதலில் நாலு வரி, பிறகு அரைப் பக்கம், பிறகு முழு டிராஃப்ட். தைரியம் வந்த பிறகு எழுதத் தொடங்கவில்லை. பயம் எந்த ஃபைலில் விட்டுப்போனது என்று கவனிக்கவும் இல்லை. உச்சரிப்பில் பிரெஞ்சு வாடை மட்டும் போகவில்லை, 'ஹ' வராது. ஹோட்டலை ஓட்டல் என்றால் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அது வாலிபம், இப்போது கண் மங்கல், கை நடுக்கம் என்பீர்கள். நியாயம்தான். குறை இல்லாததுபோல் நடிக்கச் சொல்லவில்லை. ஓவியர் மத்தீஸுக்கு 1941இல், 71 வயதில், புற்றுநோய்க்காகப் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் முன்போல் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த காகிதங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஓவியம் ஆக்கினார். அப்படி உருவான 'ஜாஸ்' புத்தகம் 1947இல் வந்தது. உதவி வாங்கிக்கொண்டார், ஆனால் கத்தரிக்கோலை அடுத்தவர் கையில் கொடுக்கவில்லை. (அவர் மறைந்தது 1954 நவம்பர் 3. நம் ஊர் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து இரண்டே நாள்.)

நமக்கு இவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். லைஃப் சர்டிபிகேட்டையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் வந்தால் மூட்டுவலியோடு வரிசையில் நிற்கிறோம். ஜீவன் பிரமாண் 2014இலேயே வந்தது. தேய்ந்துபோன நம் கைரேகையை மெஷின் ஏற்காத தொல்லைக்கு, செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியும் 2021இல் வந்துவிட்டது. உங்கள் பென்ஷனுக்கு அது செல்லுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செயலி முதலில் 'ஆப்பரேட்டர்' விவரம் கேட்கும். அது யாரோ அதிகாரி என்று நினைத்துப் பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். ஆப்பரேட்டராக நாமே இருக்கலாம். வெளிச்சத்தில் உட்கார்ந்து, கேட்கும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். இரண்டு மூன்று தடவை தோற்கும். தோற்றால் பென்ஷன் ஒன்றும் நின்றுவிடாது. அதே பழைய வரிசை இருக்கவே இருக்கிறது.

ஒரு பயத்தை மட்டும் விடாதீர்கள். லைஃப் சர்டிபிகேட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது போனில் பி.பி.ஓ. நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்டால், பேசாமல் வைத்துவிடுங்கள். அது வெட்கம் இல்லை, விவேகம்.

மற்றபடி இந்த நவம்பரில் பேரனைக் கூப்பிடுங்கள். "தாத்தா, குடுங்க, நானே போட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டுவான். போனைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.