எல்லை தாண்டிய குரல்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குத் தெற்கே இருக்கிறது பள்ளுருத்தி. இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் 2020-இல் மறையும்வரை வாழ்ந்த ஊர். சிறுவயதில் பழனியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்து அங்கேயே இசை கற்றவர் அவர். பாட்டுக்குப் பெயர் போன வட்டாரம்தான். ஆனால் இந்தத் துறைமுக நகரத்துக்கு 1989 வரை சொந்தமாக ஒரு வானொலி நிலையம் கிடையாது. திருச்சூரையோ திருவனந்தபுரத்தையோ கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சினிமாப் பாட்டு போதவில்லை என்றால்? ரேடியோ முள்ளைத் திருப்பி, கடல் கடந்து கொழும்புக்குப் போக வேண்டும். தலைமுறைகளாக இங்கே குடியிருக்கும் தமிழர்கள் மட்டும் போகவில்லை, மலையாளிகளும் போனார்கள். இலங்கை வானொலி அவர்கள் மொழியிலும் பாடியது.

இந்த ஏற்பாட்டுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர் ஓர் இந்திய மந்திரி. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. ஆகாசவாணியில் அதற்கு இடம் சுருங்கியது. சாஸ்திரிய சங்கீதம் கேட்டு மக்கள் திருந்துவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். மக்கள் திருந்தவில்லை, நிலையத்தை மாற்றினார்கள். யுத்த காலத்தில் ராணுவத்துக்காக நிறுவப்பட்ட பலமான டிரான்ஸ்மிட்டர் கொழும்பில் தயாராக இருந்தது. அங்கிருந்துதான் அமீன் சயானியின் இந்திக் குரல் வடக்கே புகழ் பெற்றது. தில்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 ஆயிற்று.

தமிழுக்கும் அங்கே ஒரு பரம்பரை உருவானது. எஸ்.பி. மயில்வாகனன் முதல் நட்சத்திரம். பிறகு ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். இவர்களுக்கு நடுவே, 1970-களில், மூச்சு விடாமல் பாய்ந்து வந்தது இன்னொரு குரல்: கே.எஸ். ராஜா.

முழுப்பெயர் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 'உங்கள் அன்பு அறிவிப்பாளர்' என்று அவர் சொல்லிக்கொண்டால் போதும், ராமேஸ்வரத்து டீக்கடையிலும் கொழும்புத் தெருவிலும் ஆட்கள் நின்றுவிடுவார்கள். புதுப்படங்களுக்கு விளம்பரம் செய்யும் 'திரை விருந்து' அவர் கையில் தனிக்கலையாயிற்று. படத்தின் வசனத்தை ஓடவிட்டு, நடுவில் தானும் புகுந்து, கதாபாத்திரத்தோடு பேசுவதுபோல் ஒரு வார்த்தை போடுவார். விளம்பரத்தைக்கூட ரசித்துக் கேட்க வைப்பது லேசான காரியமல்ல. அவ்வளவு வேகத்திலும் உச்சரிப்பு சிதையாது. ல, ள, ழ எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். ஆகாசவாணி அறிவிப்பாளர் அரசாங்கத்தின் குரலில் பேசிய நாட்களில், இவர் வீட்டு விருந்தாளியைப்போல் பேசினார்.

அந்தக் குரலுக்கு விசா தேவைப்படவில்லை. குரலுக்கு உரியவருக்கு அந்த வசதி இல்லை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது, நாடே கேட்டு மகிழ்ந்த அறிவிப்பாளர் என்று எவரும் தமிழனைத் தரம் பிரித்துப் பார்க்கவில்லை. அதன்பின் ராஜாவின் வாழ்க்கை பழைய தடத்துக்குத் திரும்பவில்லை. தமிழகம் வந்தார், மீண்டும் கொழும்பு போனார். 1989-இல் அங்கே கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பதற்கு இன்றும் ஆளுக்கொரு பதில்.

அந்த ஆண்டு கொழும்பில் மைக் பிடித்தவர்களுக்கே கெட்ட காலம். வடக்கே ஒரு யுத்தம், தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய அரசின் வன்முறையும். வானொலியில் வளர்ந்து அரசுத் தொலைக்காட்சியின் தலைமைக்கு உயர்ந்த தேவிஸ் குருகே ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதக் கடைசியில் சிங்களப் பாடலாசிரியரும் அறிவிப்பாளருமான பிரேமகீர்த்தி த அல்விஸ். 1990 பிப்ரவரியில் பத்திரிகையாளரும் செய்தி வாசிப்பாளருமான ரிச்சர்ட் த சொய்சா. சிங்களவர், தமிழர் என்ற வித்தியாசம் இங்கே இல்லை. மக்கள் நம்பிக் கேட்கும் குரல் எவனுடையதோ, அவன்மேல் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு கண்.

பாட்டு போடுகிறவனிடம் என்ன அரசியல் என்று நாம் கேட்கலாம். கேஸ்கரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யார் எதைக் கேட்கிறார்கள் என்பதே அரசியல்தான் என்று அரசுகளுக்கு நேயர்களைவிட நன்றாகத் தெரியும். இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தது 2001-இல். இன்றைய ரேடியோ ஜாக்கிகளின் வேகத்துக்கு ராஜாதான் பாட்டன். அவர்கள் பாடலாம், சிரிக்கலாம், கலாய்க்கலாம். ஆனால் தனியார் நிலையம் தானாகத் திரட்டிய செய்தியை வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

எழுதியவனுக்குப் புத்தகம் மிஞ்சும், நடித்தவனுக்குப் படம் மிஞ்சும். அறிவிப்பாளர் பேசியது அன்றோடு காற்றில் போயிற்று. இன்று ராஜாவின் குரலைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பவற்றில் ரசிகர்கள் பதிந்து வைத்த கேசட்டுகளும் உண்டு. இரைச்சலுக்கு நடுவே அவர் இன்னும் அவசரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கொச்சிக்கு ஆகாசவாணி எஃப்.எம். வந்ததும் அதே 1989-இல்தான். பள்ளுருத்திக்காரர்கள் இனி முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை என்றாயிற்று. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் குரல் எப்போது நின்றது என்பதைக் கவனித்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.