ஈரம் படாத மேற்பூச்சு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போகும்போது குருபரப்பள்ளியைக் கடந்திருப்பீர்கள். அந்தச் சாலையில் மாந்தோப்புகளும் தொழிற்சாலைகளும் மாறிமாறி வரும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 'ஓசூர்' என்று அச்சிட்டிருக்கும். அந்த மாத்திரைகளின் வழவழப்பான மேற்பூச்சைப் பற்றித்தான் எனக்கொரு குறை.

மேற்பூச்சு அழகுக்காக மட்டுமல்ல. அது கசப்பை மறைக்கும், ஈரக்காற்றைத் தடுக்கும். சில பூச்சுகள் இரைப்பையில் கரையாமல் சிறுகுடலில்தான் கரையும். ஆரம்பத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றி உலர்த்தினார்கள். 1950-களில் மெல்லிய பாலிமர் படலம் வந்தது. அதைக் கரைக்க மெத்திலீன் குளோரைடு போன்ற நச்சுத் திரவங்கள் பயன்பட்டன. பிறகு தண்ணீருக்கு மாறினார்கள். நல்ல மாற்றந்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

100 கிலோ மாத்திரைக்கு 3 கிலோ பூச்சு என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதக் கலவையென்றால் 17 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கிலோவுக்குச் சுமார் 2400 கிலோஜூல் வீதம் இது ஏறக்குறைய 11 யூனிட் மின்சாரம். சூடான காற்று வெளியே போய்விடுவதால் உண்மைச் செலவு இன்னும் அதிகம். 17 லிட்டர் தண்ணீர் பெரிதல்ல, அதை விரட்டும் சூடுதான் பெரிது. போதாக்குறைக்கு, சில மருந்துகளுக்கு ஈரமே எதிரி. பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வரும். ஈரம் பட்டு ஆஸ்பிரின் சிதைந்து அசிட்டிக் அமிலம் உண்டானதன் அடையாளம் அது.

தண்ணீரே இல்லாமல் பூச முடியாதா? முடியும். கொழுக்கட்டைக்குள் பூரணம்போல, சிறு மாத்திரையைச் சுற்றிப் பொடியை வைத்து அழுத்துவது ஒரு வழி. பூரணம் நடுவில் உட்காராவிட்டால் ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

இன்னொரு வழியை ஓசூர்ப் பட்டறைகளிலேயே பார்க்கலாம். வண்டிப் பாகங்களுக்குப் 'பவுடர் கோட்டிங்' செய்கிறார்களே, அதுதான். மின்னூட்டிய பொடியை எர்த் செய்த இரும்பு இழுத்துக்கொள்ளும். சூளையில் பொடி உருகிப் படலமாகும். இரும்பு மின்சாரத்தைக் கடத்தும், மாத்திரை எளிதில் கடத்தாது. அதன்மேல் தேங்கும் மின்னூட்டம் அடுத்து வரும் பொடியைத் தள்ளிவிடும். இரும்புக்குக் கொடுக்கும் சூட்டை மருந்து தாங்காது. ஆகவே பொடியை இளக்கும் திரவத்தைச் சிறிதளவு சேர்த்து, குறைந்த சூட்டிலேயே படலமாக்குகிறார்கள்.

புதுமுறைக்கு மாறினால் மருந்து கெடாமலிருக்கிறதா என்று மறுபடி சோதித்து அனுமதி பெற வேண்டும், இயந்திரமும் புதிது. தயங்குவதில் நியாயமுண்டு. ஆனால் ஈரத்துக்கு அஞ்சும் மருந்துகளிலாவது தொடங்கலாமே! பொடிப்பூச்சு தெரிந்தவரும் மாத்திரை செய்பவரும் ஒரே ஊரில், ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள்.