இற்றுப்போகும் நூல் வேண்டும்!



'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான். எது அதிக வலு? எது அறுந்துபோகாது? பரீட்சைக்கு அது போதும். ஆனால் நம் இராமநாதபுரம் கடற்கரைக்கு அது போதாது என்பது என் கருத்து. சில இடங்களில் இற்றுப்போகிற நூல்தான் நல்ல நூல். "என்னடா இவன், மெக்கானிக்கல் படிச்சுட்டு உளர்றான்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாமல் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் பட்டு நூலைப் பார்ப்போம். மூங்கிலைப் பிளந்து, சீவி, ஒட்டி, கையாலேயே தூண்டில் கோல் செய்கிறவர்கள் வெளிநாடுகளில் இன்றும் உண்டு. கோலின் மேல் நரம்பு ஓடுவதற்கு வளையங்கள் வேண்டும். அவற்றை நூலால் சுற்றித்தான் கட்டுவார்கள். நைலான் நூல் விலை மலிவு. எளிதில் நைந்தும் போகாது. அப்படியிருந்தும் பலர் பட்டையே தேடிப் போகிறார்கள். ஏன்? மெல்லிய பட்டு இழை இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டிப் படியும். வெள்ளைப் பட்டின் மேல் வார்னிஷ் பூசினால் நூலே மறைந்து அடியில் இருக்கும் மூங்கில் தெரியும். அதாவது அவர்கள் வலுவை மட்டும் பார்ப்பதில்லை. 'இந்த இடத்தில் நூலுக்கு என்ன வேலை?' என்று கேட்டுத் தேர்வு செய்கிறார்கள்.

அதே கேள்வியை நம் கடலில் கேட்போமா?

ஒரு காலத்தில் நம் வலைகள் எல்லாம் பருத்தியும் சணலும்தான். பருத்தி நனைந்தால் வலு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். அதனால் வலையைக் காயப்போட வேண்டும், துவர்ச்சாறு ஏற்ற வேண்டும், மறுபடி காயப்போட வேண்டும். 1935-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் கரோதர்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்த நைலான், பிற்பாடு இங்கே வந்து அந்தப் பாட்டை ஒழித்தது. 'பழையபடி பருத்தி வலைக்குப் போங்கள்' என்று மீனவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நானும் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது மீன் கூடு பற்றி. கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த தொழில். பாறை ஓரமாகக் கூட்டை இறக்கி வைத்தால் விளமீன், களவா எல்லாம் உள்ளே நுழையும். வெளியே வரத் தெரியாது. அந்தக் காலத்துக் கூடு மரச் சிம்பைப் பிளந்து பின்னியது. காற்றிலும் கடலிலும் காணாமல் போனால் சிம்பு இற்று, கூடு தானே திறந்துகொள்ளும். இரும்புக் கம்பியும் நைலான் வலையும் போட்ட கூடு அப்படி அல்ல. தொலைந்த பிறகும் அது மீன் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்த மீனே இரையாகி அடுத்த மீனை இழுக்கும். எடுக்க ஆள் இல்லை, தின்ன ஆள் இல்லை! 1986-ல் 21 தீவுகளோடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கரையில் இருந்துகொண்டு இதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

கூடு போடுகிற என் தாய்மாமனிடம் கேட்டேன்.

"மாமா, கூட்டுக் கதவைப் பருத்தி நூல்ல கட்டுனா என்ன?"

"போடா மாப்ளே! நூலு பாதியில நைஞ்சு கதவு தொறந்துட்டா மீனு பூரா போயிரும். அன்னைக்கி டீசல் காசை உங்க காலேஜா குடுக்கும்?"

மாமா சொன்னதில் தப்பே இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது தொழில் நடக்கும்வரை தாங்குகிற, கூடு தொலைந்தால் இற்றுப்போகிற நூல். இது வெறும் கனவு அல்ல. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நண்டுக் கூட்டின் பக்கத்தில் ஒரு திறப்பு வைத்து, அதைப் பருத்தி நூலால்தான் தைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நூல் எவ்வளவு தடிமன் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அது குளிர்ந்த கடல். நம்முடையது வெதுவெதுப்பான கடல். இங்கே பருத்தி சீக்கிரம் நையும். எந்தத் தடிமன் நூல் எத்தனை வாரம் தாங்கும் என்பதை நம் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும்.

இதை நாமே பார்க்கலாம், நண்பர்களே! நாலு தடிமனில் பருத்தி நூல் வாங்குவோம். ஒரே அளவாக வெட்டி, தெரிந்த படகுக்காரர் உதவியோடு கடலில் தொங்கவிடுவோம். வாரம் ஒரு கட்டை எடுத்து இழுத்துப் பார்ப்போம். நம் லேபில் உள்ள யூ.டி.எம். இரும்பை இழுக்கிற மெஷின். நூல் அறுந்தது அதுக்குத் தெரியவே தெரியாது. ஒரு கொக்கி, ஒரு வாளி, கொஞ்சம் மணல் போதும். நூல் அறுகிறவரை வாளியில் மணல் போட்டு, பிறகு எடை பார்த்தால் கணக்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் கேட்க மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அந்த நிலையம் 1947-லேயே தொடங்கப்பட்டது!

நாம் படித்த 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி'க்குக் கீழ் எல்லை மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தோம். இந்த நூலுக்கு மேல் எல்லையும் உண்டு. சீக்கிரம் அறுந்தால் மீனவருக்கு நஷ்டம்; அறுக்காமலே இருந்தால் கடலுக்கு நஷ்டம். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் கண்டுபிடித்து, மாமாவிடம் கொண்டுபோய், "இந்த நூலை இத்தனை நாளைக்கு ஒருமுறை மாத்துங்க, நடுவுல அறுக்காது" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தால், அதுதான் டிப்ளமோ படித்ததற்கு அடையாளம்.

பழைய பிராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காப்பி அடித்து, பைண்டிங் பண்ணி, பீரோவில் அடுக்கியது போதும். இந்த ஆண்டு ஒரு பேட்சாவது நூலைக் கையில் எடுக்கட்டும். நான் ரெடி. நீங்கள்?