விளம்பரத் தடையும் தேய்ந்துபோன தண்டப்பணமும்

1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூரில் நமது அணி அவுஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அக்கிண்ணத்தின் பெயரோடு ‘வில்ஸ்’ என்னும் சிகரட்டின் பெயரும் ஒட்டியிருந்தது. அன்று அதனை எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டுகளின் பின்னர் கொண்டுவரப்பட்ட 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் இத்தகைய அனுசரணைக்கும் சிகரட் விளம்பரங்களுக்கும் இந்நாட்டில் தடை விதித்தது. 21 வயதிற்குக் குறைந்தோருக்குச் சிகரட் விற்பதும் குற்றமாக்கப்பட்டது. அச்சட்டத்தினால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

எனினும், சட்டத்தை மீறுவோருக்கான தண்டனையை நோக்கும்போது கவலையே மிஞ்சுகின்றது. விளம்பரத் தடையை மீறும் உற்பத்தியாளருக்கோ இறக்குமதியாளருக்கோ 2006 இல் விதிக்கப்பட்ட உச்சத் தண்டப்பணம் 20 இலட்சம் ரூபா. அன்று ஏறத்தாழ 19,000 டொலருக்குச் சமமாயிருந்த அத்தொகை, டொலர் 300 ரூபாவை எட்டிய பின்னர் 7,000 டொலருக்கும் குறைந்துவிட்டது. நாட்டில் சிகரட் உற்பத்தியைத் தன்வசம் வைத்திருக்கும் நிறுவனத்தின் வருடாந்த இலாபமோ ஆயிரம் கோடி ரூபாவைத் தாண்டியது. கணக்கிட்டுப் பார்த்தால், 20 இலட்சம் என்பது அதன் இரண்டு மணித்தியால இலாபத்திற்கும் ஈடாகாது. இதனைத் தண்டனை என்பதா, வியாபாரச் செலவு என்பதா?

அயல்நாட்டு நிலைமையும் மெச்சத்தக்கதன்று. இந்தியாவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரக் குற்றத்திற்கு முதற்தடவை இரண்டாண்டு வரையிலான சிறைத்தண்டனையையோ 1,000 ரூபா வரையிலான அபராதத்தையோ அல்லது இரண்டையுமோ விதித்தது. சிறைத்தண்டனை கடுமையானதே, ஆயினும், கம்பனியொன்றைச் சிறையில் அடைக்க முடியாதல்லவா!

இனி, ஒலுவில் போன்ற ஒரு கரையோர ஊரிலிருந்து இவ்விடயத்தை நோக்குவோம். 21 வயதை எட்டாத மாணவர்களும் பயிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர் இது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ பொலிஸாரோ சோதனைக்கு வந்தால் நீதவான் முன் நிறுத்தப்படுபவர் சில்லறைக் கடைக்காரரே. அவர் செலுத்தும் தண்டப்பணம் சில ஆயிரங்களே ஆயினும், அவருக்கு அது பல நாள் வருமானம். வயது குறைந்தோருக்கு விற்றவரை விட்டுவிட வேண்டும் என்பதன்று நமது கருத்து. சிறியவருக்குச் சுடுகின்ற சட்டம் பெரியவருக்கு ஏன் சுடுவதில்லை என்பதே நமது கேள்வி. பெருநாள் காலச் சுற்றுப்போட்டிகளுக்கு அனுசரணை தேடி அலையும் நமது கழகங்களும், வரும் பணத்தின் மூலத்தை விசாரித்துப் பெறுவது நலம்.

இலங்கை 2003 இல் ஏற்று உறுதிப்படுத்திய, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 13 ஆம் உறுப்புரை விளம்பரத்தையும் அனுசரணையையும் முற்றாகத் தடைசெய்யக் கோருகின்றது. அதற்கென 2008 இல் ஏற்கப்பட்ட வழிகாட்டல்கள், குற்றத்திற்கு ஏற்ற, மீறுவோரை அச்சுறுத்தி விலக்கக்கூடிய தண்டனைகளை வலியுறுத்துகின்றன. அனுமதிப்பத்திர இரத்தும் அவற்றுள் ஒன்று. பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கு அபராதத்தின் உச்சம் 100,000 யூரோ. சட்டவிரோத விளம்பரத்திற்குச் செலவிட்ட தொகையின் பாதிவரை அதனை உயர்த்தவும் இடமுண்டு. செலவு பெருகப் பெருகத் தண்டனையும் பெருகும்; நாணயப் பெறுமதி சரிந்தாலும் சட்டம் தேயாது.

இத்தகையதொரு ஏற்பாடு இங்கு எட்டாக்கனியன்று. சிகரட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்களை அச்சிடும் விதியைக் கம்பனி நீதிமன்றில் எதிர்த்தபோதும், 2015 இல் சட்டத்தைத் திருத்தி அதனை நிறைவேற்றியது இதே பாராளுமன்றந்தான். தண்டப்பணத்தை நிலையான ரூபாத் தொகையாக எழுதாது, விளம்பரச் செலவுடனோ விற்பனை வருமானத்துடனோ பிணைக்கும் திருத்தமொன்றைச் சுகாதார அமைச்சு முன்வைக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள், எக்கட்சியினராயினும், அதனைச் சபையில் கோருவார்களா?